ஜெர்ரி ரைஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நேரத்தில் சிறந்த வீரர்கள் பட்டியல் எதைத் திறந்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். ஆட்டத்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் கொஞ்சம் பழகியவர்கள் வாதத்துக்கு எடுக்கும் கேள்விகளும் இங்கே சேர்ந்தே இருக்கின்றன.

யார் இந்த ஜெர்ரி ரைஸ்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1985 முதல் 2004 வரை 20 சீசன்கள் ஆடிய வைட் ரிசீவர். அதில் முதல் 16 சீசன்கள் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கு. அப்புறம் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ், கடைசியில் சியாட்டில் சீஹாக்ஸ். சட்டை எண் 80. 3 சூப்பர் பவுல் வெற்றிகள். அதிக கேட்ச், பிடித்து முன்னேறிய அதிக யார்டு, அதிக டச்டவுன் மூன்றிலும் லீகின் முழு வரலாற்றுக்கும் முதலிடம் அவருடையதுதான். 2010-இல் என்எஃப்எல் நெட்வொர்க் வெளியிட்ட எல்லாக் காலத்துக்குமான 100 வீரர்கள் பட்டியலில் முதல் பெயர் அவர். ரிசீவர்களில் முதல் அல்ல, எல்லா வீரர்களிலும்.

வைட் ரிசீவர் என்றால் என்ன வேலை?

களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 முயற்சிகள். இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் ஓடிப்போய் அந்தப் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அவர் தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. ஒவ்வொரு ஆட்டத் திட்டத்திலும் அவருக்கு ஒரு பாதை உண்டு. அதற்கு ரூட் என்று பெயர். இத்தனை அடி எடுத்துவைத்து இந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்பது வரை முன்பே முடிவானது. ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடுவார். ஓர் அடி முன்னே பின்னே போனாலும் பந்து எதிரணியின் கைக்குப் போகும். அவருக்கு எதிரே கார்னர்பேக் என்ற தடுப்பாட்டக்காரர் நிற்பார். முதல் 5 யார்டுக்குள் அவர் ரிசீவரை இடிக்கலாம், தள்ளலாம். அதையும் தாண்டிப் பிடித்த பிறகு, முழு வேகத்தில் வரும் 100 கிலோ ஆள் வந்து மோதுவார். எல்லைக்கோட்டு ஓரத்தில் பிடித்தால் இரண்டு காலும் உள்ளே பட்டிருக்க வேண்டும். பந்து தனக்கு வராத ஆட்டங்களில் சக வீரர் ஓட வழிசெய்து எதிரணியினரை மறிக்கவும் வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பல நட்சத்திரங்கள் அரைமனதோடுதான் செய்வார்கள். ரைஸ் அப்படி இல்லை.

செங்கல் பிடித்த கதை உண்மையா?

அவரே பலமுறை சொன்னதுதான். 1962 அக்டோபர் 13-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் ஊரில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்திலுள்ள குராஃபர்ட் என்ற சிற்றூரில். 8 பிள்ளைகளில் ஒருவர். அப்பா ஜோ நேதன் ரைஸ் கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். சாரத்தின் மேல் ஜெர்ரி நிற்க, கீழிருந்து அண்ணன் தம்பிகள் செங்கல்லை எறிவார்கள், இவர் பிடித்து அடுக்குவார். கையின் உறுதிக்கும் கண்-கை ஒத்திசைவுக்கும் அது காரணம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கென்னவோ அந்தக் கதையில் செங்கல்லைவிட வெயில்தான் முக்கியம் என்று படுகிறது. மிசிசிப்பிக் கோடையில் நாள் முழுக்கக் கட்டட வேலை செய்த பையனுக்கு, பயிற்சி முகாமின் களைப்பு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அப்பா கண்டிப்பானவர் என்றும், அவருக்குக் கீழ் வேலை பார்த்தபோதுதான் உழைப்பு என்றால் என்னவென்று தெரிந்தது என்றும் ரைஸ் சொல்லியிருக்கிறார்.

கால்பந்துக்கு எப்படி வந்தார்?

பள்ளிக்கு மட்டம் போட்டு. வகுப்புக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவரைத் துணைத் தலைமையாசிரியர் பின்னால் வந்து கூப்பிட, இவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினாராம். பிடிபட்டதும் தண்டனை கிடைத்தது. ஓடிய வேகத்தைப் பற்றிய தகவல் கால்பந்துப் பயிற்சியாளருக்குப் போனது. பி. எல். மூர் உயர்நிலைப் பள்ளி அணியில் சேர்ந்தது அப்படித்தான். அம்மாவுக்கு முதலில் விருப்பமில்லை.

பெரிய கல்லூரிகள் ஏன் அவரை எடுக்கவில்லை?

சின்ன ஊர், சின்னப் பள்ளி, தொலைக்காட்சி எட்டாத இடம். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் அவர் பிறந்த ஸ்டார்க்வில்லிலேயே இருக்கிறது. அங்கிருந்துகூட உதவித்தொகை வரவில்லை. கடைசியில் போய்ச் சேர்ந்தது இட்டா பீனாவில் உள்ள மிசிசிப்பி வேலி ஸ்டேட். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் ஒன்று. கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் ஆடும் அணி.

அது நல்லதாகவே முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி. எந்நேரமும் எறி, எறி, எறி என்பதுதான் அவருடைய கொள்கை. மற்ற அணிகள் ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் வட்டமாகக் கூடித் திட்டம் பேசும்போது, இவர்கள் கூடாமலே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார்கள். குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன். ரிசீவர்கள் நால்வரை ஒரே பக்கத்தில் வரிசையாக நிறுத்திவைப்பதும் உண்டு. 1984-இல் அந்த அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிகள் எடுத்தது. அந்த ஒரு சீசனில் ரைஸ் 100-க்கும் மேற்பட்ட கேட்ச்களும் 27 டச்டவுன்களும் எடுத்தார். எந்தப் பந்தையும் பிடித்துவிடுவார் என்பதால் கல்லூரியில் அவருக்கு ‘வேர்ல்ட்’ என்று பட்டப்பெயர். கல்லூரி மைதானத்துக்கு இன்று ரைஸ்-டாட்டன் ஸ்டேடியம் என்று இருவர் பெயரும் வைக்கப்பட்டிருக்கிறது.

சின்னக் கல்லூரி வீரர் சான் பிரான்சிஸ்கோவுக்கு எப்படிப் போனார்?

நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் 1984 அக்டோபரில் ஓர் ஆட்டத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தார். முந்தைய நாள் இரவு ஹோட்டல் அறையில் தொலைக்காட்சியில் கல்லூரி ஆட்டங்களின் தொகுப்பு ஓடியது. அதில் ரைஸைப் பார்த்தார். அதோடு முடிவு பண்ணிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. நைனர்ஸோ அந்த வருட சாம்பியன். வரிசையில் கடைசி, 28-ஆவது இடம். அதுவரை ரைஸ் மிஞ்சமாட்டார் என்று வால்ஷ் கணித்தார். தன் முதல் மூன்று சுற்று வாய்ப்புகளையும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்குக் கொடுத்து, அவர்களுடைய 16-ஆவது இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் வாங்கினார். ரைஸுக்கு முன்பே அந்த டிராஃப்டில் இரண்டு ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்திருந்தன: ஆல் டூன், எடி பிரௌன். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். பாவம், இன்று இந்தக் கதையில்தான் அவர்கள் பெயர் அதிகம் வருகிறது.

முதல் சீசனிலேயே கலக்கினாரா?

இல்லை. 1985-இன் பெரும்பகுதி தடுமாற்றம். வால்ஷின் ஆட்டத் திட்டப் புத்தகம் தடிமனானது. எந்த ரூட் என்று யோசித்துக்கொண்டே ஓடியதில் கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த மூத்த ரிசீவர் ஃப்ரெடி சாலமன்தான் கூடவே இருந்து பழக்கினார், அதுவும் தன் இடத்தைப் பிடிக்கப்போகிறவரை. டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 10 கேட்ச், 241 யார்டு. அதோடு கூச்சல் நின்றது. அடுத்த வருடம் 1,570 யார்டு, 15 டச்டவுன்.

அவர் வேகமானவர் இல்லை என்கிறார்களே?

இதுதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகவும் பேசப்படுவது. ரிசீவர்களின் வேகத்தை அளக்க 40 யார்டு ஓட்டம் ஒன்று உண்டு. ரைஸின் நேரம் 4.6, 4.7 வினாடி என்று வெவ்வேறு விதமாகச் சொல்வார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் முதல் தர ரிசீவருக்கு அது சாதாரணம். இங்கிருந்துதான் ‘திறமை குறைவு, உழைப்பால் வென்றார்’ என்ற கதை கிளம்புகிறது. எனக்கு அது பாதிதான் சரியாகத் தெரிகிறது.

அந்த 40 யார்டை ஓடும்போது காலில் ஓடுகள வீரரின் ஷூ, உடம்பில் கவசம் இல்லை, எதிரே ஆள் இல்லை, திருப்பமும் இல்லை. ஆட்டத்தில் இவை எல்லாமே உண்டு. பெரும்பாலான ரிசீவர்கள் திரும்புவதற்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். அந்தக் குறைவைப் பார்த்தே கார்னர்பேக் விழித்துக்கொள்வார். ரைஸ் வேகம் குறையாமலே திரும்புவார். அதோடு அவருடைய எல்லா ரூட்களும் முதல் சில அடிகளில் ஒரே மாதிரி இருக்கும். நேராகப் போகிறாரா, உள்ளே வெட்டப்போகிறாரா, நின்று திரும்பப்போகிறாரா என்று எதிரே இருப்பவருக்குத் தெரிவதற்குள் இரண்டு யார்டு இடைவெளி விழுந்திருக்கும். வால்ஷின் குறுகிய, நேரம் தப்பாத பாஸ் (பந்தை எறிந்து பிடிக்கும்) முறைக்கு அந்த இரண்டு யார்டு போதும்.

பிடித்த பிறகு அவரைப் பின்னாலிருந்து பிடித்தவர்கள் மிகக் குறைவு. உள்நோக்கிச் சாய்வாக ஓடும் ஸ்லான்ட் ரூட்டில் 6, 7 யார்டு தூரத்தில் பந்தை வாங்கி, 50, 60 யார்டு ஓடிப்போய் டச்டவுன் வைத்ததைப் பழைய வீடியோக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முழுக் கவசத்தோடு, கையில் பந்தோடு, நான்காவது கால்பகுதியில் ஓடும் வேகத்தை எந்தக் கடிகாரமும் அளக்கவில்லை. ஆகவே வேகம் இல்லாதவர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த மலைப் பயிற்சி?

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் கார்லோஸ் பக்கம் எட்ஜ்வுட் பூங்காவில் செங்குத்தான ஒரு மலைப்பாதை இருக்கிறது, சுமார் 2.5 மைல். சீசன் இல்லாத மாதங்களில் அதில் ஏறி ஓடுவது ரைஸின் வழக்கம். சக வீரர் ரோஜர் கிரெய்க் கூடவே ஓடுவார். ஆசைப்பட்டுச் சேர்ந்துகொண்ட இளம் வீரர்களில் பாதி வழியில் வாந்தியெடுத்தவர்கள் உண்டு என்பது அணியில் பிரபலமான பேச்சு. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு பழக்கம்: சாதாரணப் பயிற்சியில்கூட, சின்னப் பாஸைப் பிடித்தாலும், டச்டவுன் கோடு வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். மலையேற்றத்தை யாரும் காப்பியடிக்கலாம். இதை வருடக்கணக்கில் சலிக்காமல் செய்வது வேறு.

1987 ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

அந்த வருடம் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரத்து ஆட்டங்கள் ரத்து. மூன்று வாரம் மாற்று வீரர்களை வைத்து லீக் ஆட்டம் நடத்தியது. அதனால் ரைஸ் ஆடியது 12 ஆட்டங்கள் மட்டும். அதில் 22 டச்டவுன் கேட்ச். லீகில் அடுத்த இடத்தில் இருந்தவருக்கு அதில் பாதிதான். 2007-இல் பேட்ரியாட்ஸின் ராண்டி மாஸ் 23 எடுத்து அந்தச் சாதனையை முறியடித்தார், 16 ஆட்டங்களில். ‘நீண்ட நாள் ஆடினார், அதனால் எண்ணிக்கை கூடியது’ என்பவர்களுக்கு இந்த 12 ஆட்டங்களே பதில். ஆனால் அந்த சீசனின் பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் கடைசிச் சுற்றுகள்) நைனர்ஸ் தங்கள் முதல் ஆட்டத்திலேயே மின்னசோட்டா வைகிங்ஸிடம் தோற்றுப்போனது, அதுவும் சொந்த மைதானத்தில்.

சூப்பர் பவுல்களில் எப்படி ஆடினார்?

நான்கில் ஆடினார், மூன்றில் வெற்றி. மொத்தம் 33 கேட்ச், 589 யார்டு, 8 டச்டவுன்.

முதலாவது, 1989 ஜனவரி 22, மயாமி. எதிரணி சின்சினாட்டி பெங்கால்ஸ். கணுக்கால் வலியோடு வந்தவர் 11 கேட்ச், 215 யார்டு எடுத்து ஆட்டநாயகன் விருது வாங்கினார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது நைனர்ஸ் 13-16 என்று பின்தங்கியிருந்தது, பந்து தன் 8 யார்டு கோட்டில். அங்கிருந்து 92 யார்டு போக வேண்டும். குவார்ட்டர்பேக் ஜோ மொண்டானா நிதானமாக நகர்த்தினார். அந்த நகர்வில் ரைஸுக்கு 3 கேட்ச், 51 யார்டு. நடுவில் ஒரு தண்டனையால் 20 யார்டு தேவைப்பட்ட கட்டத்தில் மூன்று பேருக்கு நடுவே புகுந்து 27 யார்டு எடுத்தார். ஆட்டத்தைத் திருப்பியது அதுதான். 34 வினாடி மிச்சமிருக்க, வெற்றி டச்டவுனைப் பிடித்தவர் ஜான் டெய்லர். 20-16.

அடுத்த வருடம் டென்வர் பிராங்கோஸை 55-10 என்று நசுக்கியபோது ரைஸுக்கு 3 டச்டவுன். ஆட்டமாகப் பார்த்தால் சலிப்புதான். 1995 ஜனவரியில் சான் டியாகோ சார்ஜர்ஸை 49-26 என்று வென்றபோதும் 3; அன்று ஆட்டத்தின் நடுவில் தோள்மூட்டு விலகியும் திரும்ப வந்து ஆடினார். நான்காவது 2003 ஜனவரியில் ரெய்டர்ஸ் சட்டையில். 40 வயதில் 48 யார்டு டச்டவுன் ஒன்று பிடித்தார், அணி டாம்பா பே பக்கனீர்ஸிடம் 48-21 என்று தோற்றது.

மொண்டானா, ஸ்டீவ் யங் இல்லாமல் இதெல்லாம் முடிந்திருக்குமா?

நியாயமான கேள்வி. இருவருமே ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் மண்டபத்தில் இடம்பெற்ற நைனர்ஸ் குவார்ட்டர்பேக்குகள். பிளேஆஃபைச் சேர்க்காமல், வழக்கமான சீசன்களில் மொண்டானா ரைஸுக்கு எறிந்தது 55 டச்டவுன். யங் எறிந்தது 85. மொண்டானாவோடுதான் அதிகம் என்று பலரும் நினைப்பார்கள், கணக்கு மாறி இருக்கிறது. யங் இடது கைக்காரர். பந்து சுழலும் திசையே மாறும், ரிசீவருக்குப் பழக நாளாகும். அதிர்ஷ்டம்தான், மறுக்க முடியாது. ஆனால் ரெய்டர்ஸில் குவார்ட்டர்பேக் ரிச் கேனனோடு ரைஸ் 39 வயதில் 1,139 யார்டும் 40 வயதில் 1,211 யார்டும் எடுத்தார். 40 வயதில் 1,000 யார்டைத் தாண்டிய ரிசீவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

அவருடைய சாதனைகளை யாராவது முறியடிப்பார்களா?

ஒரு சீசன் சாதனைகளில் பல போய்விட்டன. 1995-இல் அவர் எடுத்த 1,848 யார்டை 2012-இல் கால்வின் ஜான்சன் 1,964 எடுத்துத் தாண்டினார். வாழ்நாள் கணக்குதான் அசையாமல் நிற்கிறது: 1,549 கேட்ச், 22,895 யார்டு, 197 டச்டவுன் கேட்ச், ஓடியும் மற்ற வகையிலும் எடுத்தவற்றைச் சேர்த்து மொத்தம் 208 டச்டவுன்.

கேட்ச் கணக்கில் இரண்டாவதாக இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 1,432 எடுத்தார். 117 குறைவு, ஒரு நல்ல சீசன் அளவு. யார்டில் அவரே 17,492. இடைவெளி 5,403 யார்டு. ஒரு வீரர் வருடத்துக்கு 1,500 யார்டு வீதம் 15 வருடம் எடுத்தாலும் 22,500-தான் வரும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதானால் பிராட்மனின் 99.94 மாதிரி: அடுத்த இடத்தில் இருப்பவர் பக்கத்தில்கூட இல்லை. 2021-இல் சீசனுக்கு 17 ஆட்டம் ஆனது, பாஸ் எறிவதும் பெருகிவிட்டது. அதனால் கேட்ச் சாதனை ஒருநாள் போகலாம் என்று நினைக்கிறேன். யார்டு சாதனை போக, ஒருவர் 40 வயது வரை முழங்கால் கெடாமல் முதல் தரத்தில் ஆட வேண்டும்.

காயமே படாதவரா?

முதல் 12 சீசன்களில் காயத்தால் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. 1997-இன் முதல் ஆட்டத்தில், டாம்பாவில், எதிரணித் தடுப்பாட்டக்காரர் வாரன் சாப் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்ததில் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. 189 தொடர் ஆட்டங்களின் வரிசை அங்கே நின்றது. இந்தக் காயத்துக்கு வழக்கமாக ஒரு வருடம் ஆகும். ரைஸ் டிசம்பர் 15-இல், 15 வாரத்தில் திரும்பிவிட்டார். மொண்டானாவின் சட்டை எண்ணுக்கு, இனி அணியில் வேறு யாரும் அணியாதபடி, ஓய்வு கொடுத்த இரவு அது. ஒரு டச்டவுனும் பிடித்தார். அதே பிடியில் கீழே விழுந்து முழங்கால் சில்லு விரிசல் விட்டது. சீசன் முடிந்தது. அவசரப்பட்டது தப்புதான், அணி அதற்குள் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றிருந்தது, இவர் வந்தே ஆக வேண்டிய நிலையும் இல்லை. 1998-இல் 1,157 யார்டோடு திரும்பி, அதன்பின் ஓய்வுவரை ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை.

நைனர்ஸை விட்டு ஏன் போனார்?

அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பு நெருக்கடி, வயது 38, பக்கத்திலேயே வளர்ந்துவிட்ட இளம் ரிசீவர் டெரெல் ஓவன்ஸ். 2000 டிசம்பரில் சொந்த மைதானத்தில் ரைஸின் விடையளிப்பு ஆட்டம். அன்று ஓவன்ஸ் 20 கேட்ச் பிடித்து லீக் சாதனை படைத்தார். விழா நாயகன் ஓரமாகிப்போனார். 2001-இல் விரிகுடாவைத் தாண்டி ஓக்லாண்டுக்குப் போனார்.

கடைசி வருடங்கள் தேவைதானா?

ரெய்டர்ஸில் முதல் இரண்டு வருடம் தேவைதான். 2004 வேறு. செப்டம்பரில் பஃபலோவுக்கு எதிராக ஒரு கேட்ச்கூட வராமல் போக, 274 ஆட்டங்களாகத் தொடர்ந்த வரிசை அறுந்தது. அக்டோபரில் சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். அங்கே 80 என்பது அந்த அணியின் பழைய நட்சத்திர ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்டுக்காக ஓய்வு கொடுக்கப்பட்ட எண். அவர் அனுமதியோடு அதை அணிந்தது சியாட்டில் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஒரு வேடிக்கை: இரு அணிகளின் ஓய்வு வாரங்களும் வேறுவேறு என்பதால் 16 ஆட்ட சீசனில் அவர் 17 ஆட்டம் ஆடியிருக்கிறார்.

2005-இல் டென்வர் முகாமுக்குப் போய், தனக்கு அங்கே பெரிய இடம் இல்லை என்று தெரிந்ததும், செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். 2006-இல் நைனர்ஸ் அவரோடு ஒருநாள் ஒப்பந்தம் போட்டது, அவர்கள் வீரராகவே ஓய்வுபெற. தொகை 19,85,806 டாலர் 49 சென்ட்: அணிக்கு வந்த 1985, சட்டை எண் 80, ஓய்வு வருடம் 06, அணிப்பெயரின் 49. பணம் எதுவும் கைமாறவில்லை.

பசை பூசி ஏமாற்றினார் என்பது உண்மையா?

கையுறையில் கொஞ்சம் ஸ்டிக்கம் தெளிப்பேன் என்று அவரே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார். பந்து கையில் ஒட்ட உதவும் பசை அது; 1981-இலேயே லீக் தடைசெய்தது. 2015-இல் பேட்ரியாட்ஸ் அணி பந்தின் காற்றைக் குறைத்ததாகச் சர்ச்சை வந்து, ரைஸும் அவர்களைக் கண்டித்தபோது, இந்தப் பழைய பேச்சை யாரோ தோண்டி எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார், கூடவே அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்றும் சொன்னார். தாங்கள் செய்யவில்லை என்று அந்தக் காலத்து ரிசீவர் கிறிஸ் கார்ட்டர் போன்றவர்கள் உடனே மறுத்தார்கள்.

பசை ரூட் ஓடிக் கொடுக்காது, பிடித்தபின் 60 யார்டும் ஓடாது. ஆனால் விதி விதிதான். எல்லோரும் செய்தார்கள் என்ற சமாதானம் அவருக்கு அழகில்லை.

ராண்டி மாஸ்தான் பெரியவர், டான் ஹட்சன்தான் பெரியவர் என்கிறார்களே?

ஹட்சன் 1935 முதல் 1945 வரை கிரீன் பே பேக்கர்ஸுக்கு ஆடி 99 டச்டவுன் பிடித்தார். பாஸ் எறிவதே அரிதான காலம். அந்த எண்ணை லார்ஜென்ட் 1989-இல்தான் தாண்டினார். தன் காலத்தவரைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்று பார்த்தால் ஹட்சனுக்கு வலுவான வாதம் உண்டு. ரைஸ் ஆட வந்தபோது, ரிசீவரை 5 யார்டுக்கு மேல் இடிக்கக்கூடாது என்ற 1978 விதி ஏற்கெனவே வந்துவிட்டது. அது அவருக்குச் சாதகம்.

மாஸ் உயரம், வேகம், எகிறல் எல்லாவற்றிலும் ரைஸுக்கு மேல். ஒரே ஒரு நீண்ட பாஸைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் மாஸைக் கூப்பிடுவேன். ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு முழு சீசனுக்கு என்றால் ரைஸ்தான்.

இவ்வளவு உழைத்ததற்கு எது காரணம்?

2010 ஆகஸ்டில் ஓஹையோவின் கேன்டனில் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது அவரே விடை சொன்னார்: தோற்றுவிடுவோமோ என்ற பயம். வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓட்டியது அதுதான் என்றார். ஆடிய காலத்தில் நின்று ரசிக்கத் தவறிவிட்டேன் என்ற வருத்தமும் அந்த உரையில் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு?

‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ நடனப் போட்டியில் இறுதிவரை வந்து இரண்டாமிடம். 2010-இல் தொழில்முறை கோல்ஃபின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிப் பார்த்து, முதல் சுற்றுகளோடு வெளியேறினார். மகன் பிரென்டன் ரைஸும் வைட் ரிசீவர்தான். 2024 டிராஃப்டில் ஏழாம் சுற்றில், 225-ஆவதாக, சார்ஜர்ஸ் அவரை எடுத்தது.

புதிதாகப் பார்ப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

1989 ஜனவரி சூப்பர் பவுல். முதல் பாதி மந்தமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். விறுவிறுப்புதான் வேண்டும் என்றால் 1990 அக்டோபர் 14-இல் அட்லாண்டாவில் நடந்த ஆட்டம்: 13 கேட்ச், 225 யார்டு, 5 டச்டவுன். ஃபால்கன்ஸ் திரும்பத் திரும்ப அவரை ஒற்றை ஆளை வைத்தே தடுக்கப் பார்த்தது.